வீடு பார்க்க வந்தவர்கள்

வாளி சரிந்தபோது, தரை துடைத்துக்கொண்டிருந்தவளின் வாயிலிருந்து "அய்யோ" வந்துவிட்டது.

முன்னறையில் ஏஜென்ட்டுடன் நின்றிருந்த பெண், யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பினாள்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏஜென்ட் இந்த நாட்டுக்காரி. கதவைத் திறந்து உள்ளே வந்தவள், சமையலறையில் ஆள் இருப்பதைக் கண்டு சற்றுத் தயங்கினாள். துடைத்துக்கொண்டிருந்த இவள், என்னைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். ஏஜென்ட் புரிந்துகொண்டு ஜன்னல், ஹீட்டர், அலமாரி என்று காட்டத் தொடங்கினாள்.

கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண்.

கணவன் கோட்டு போட்டிருந்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றான். ஏஜென்ட் எதைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்றான். குளியலறைக் குழாய் இருமி இருமித் தண்ணீர் விட்டதற்கும் நன்றாக இருக்கிறது என்றான்.

குழந்தை ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு நுனிக்காலில் நடந்தது.

மனைவி இப்போது சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தமிழாக்கா?"

இனி இல்லை என்று சொல்ல முடியாது. இவள் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் போதுமாக இருந்தது அவளுக்கு. மடமடவென்று கொட்டித் தீர்த்துவிட்டாள். எத்தனை வீடு பார்த்தோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டார்களாம். போனில் தேனாகப் பேசுகிறவர்கள், ஆளைப் பார்த்ததும் நேற்றுத்தான் வேறொருவருக்குக் கொடுத்தோம் என்கிறார்களாம். இப்போதைக்குக் கணவனின் நண்பன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறார்கள். நண்பன் தங்கமானவன், அவன் மனைவிதான் சில நாட்களாகப் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைக்கிறாளாம்.

வாசனை வருகிறதென்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தாளிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். வீடு பார்க்கப் போனால் ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று குழந்தையையும் பழக்கியாயிற்றாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். இந்த வீட்டு ஓனர் எப்படி, நம் ஆட்களுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றாள் இவள். வாளியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இவள் ஏதோ பயப்படுகிறாள் என்று அவள் நினைத்திருப்பாள் போலிருக்கிறது. மேற்கொண்டு துருவவில்லை. ஈரத்தில் நடந்து வந்த குழந்தையின் கால்தடங்கள் சமையலறையெங்கும் கிடந்தன. சட்டென்று குனிந்து, இவள் கையிலிருந்த துணியை வாங்கினாள். வேண்டாம் என்று இவள் இழுத்தாள். அவள் விடவில்லை. இருந்த ஒரே நல்ல உடையை முழங்காலில் சுருட்டி வைத்துக்கொண்டு, அடுப்படி மூலைவரை துடைத்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இவள் ஓரமாக நின்று, வேறொருத்தி தனக்காகத் தரை துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்கக்கா. நாங்க வந்துட்டா நீங்க இப்படிக் கஷ்டப்பட வேணாம். எல்லாத்தையும் நானே பாத்துப்பேன்."

கிளம்பும்போது கணவன் இவளைத் தேடி வந்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். போகிறவர்கள் வருகிறோம் என்று சொல்லி இவள் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

ஏஜென்ட் அவர்களைக் கீழே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்டாள். நிபந்தனையை மறக்கவில்லை என்றாள். நல்ல குடும்பமாகத் தெரிந்தது, நேரில் பார்த்தால் மேடத்துக்கு ஒருவேளை மனம் மாறுமோ என்றுதான் அழைத்து வந்தாளாம். ஒரே ஊர்க்காரர்கள்தானே என்றாள்.

வீடு இவளுடையது. ஆள் வைத்துத் துடைத்தால் மூலை முடுக்கை விட்டுவிடுவார்கள் என்று, காலியாகும்போதெல்லாம் இவளே வந்து துடைப்பாள். வாடகைக்கு விடும்போது ஏஜென்ட்டிடம் போட்ட ஒரே நிபந்தனை, எங்கள் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்பது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இவளும் இங்கேதான் குடியிருந்தாள். அப்போது இதே சமையலறையின் வாசனைக்காக எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் இவளை நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. இங்கே வரும்போது அவள் சிரித்து வணக்கம் சொல்லத் தொடங்கியதே சமீபத்தில்தான். அதைக் கெடுத்துக்கொள்ள இவளுக்குத் தைரியம் இல்லை. இப்போதும் இல்லை.

வழக்கமான பதிலையே சொல்லிவிடச் சொன்னாள்.

ஏஜென்ட் பையை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டாள். இவளுக்குத்தான் பொறுக்கவில்லை. பின்னாலேயே போய், அவர்கள் காரணம் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டாள்.

"அவங்க காரணம் கேக்கிறதே இல்ல, மேடம்."