நாற்பத்தோரு மூடிகள்

காலை ஒன்பது மணிக்கு நானேதான் அதை நிறுத்தினேன்.

திரை இரண்டு முறை கேட்டது: உறுதியாகவா?

இரண்டு முறையும் உறுதியாக இருந்தேன். வீட்டில் எனக்கு இது வாய்ப்பதில்லை.

எங்கள் இணையதளத்துக்கு இரண்டு சர்வர்களை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒன்று வேலை செய்யும். மற்றது அதன் நகலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். முதலாவது விழுந்தால் அந்த இடத்தில் இது நிற்கும். மூன்று வருடமாக முதலாவது விழவே இல்லை.

சும்மா இருப்பவர்களைக் கண்டால் முதலாளியான எனக்குக் கை அரிக்கும். அந்த இரண்டாவதைத்தான் நகலையும் அழித்து நிறுத்தியிருந்தேன்.

பத்தே முக்காலுக்கு முதலாவது விழுந்தது.

திருச்சியில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தளத்தில் பதிவு செய்வார்கள். யாருக்கு உப்பு கூடாது, யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் குழைத்துத் தர வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தினமும் பதினொரு மணிக்குக் கேரியர் மூடிகளில் சீட்டு ஒட்டுவோம்.

நாற்பத்தோரு கேரியர்கள் வரிசையாக நின்றன.

மூடிகளில் ஒன்றுமில்லை.

"யாருக்கு எதுன்னு சொல்லு தம்பி, ஊத்துறேன்." சமையல்காரத் தனம் அக்கா கரண்டியோடு நின்றார்.

வண்டிக்காரர்களுக்கு வீடுகள் தெரியும். வயிறுகள் தெரியாது.

சர்வர் நிறுவனத்தின் உதவிப் பெட்டியில் தட்டினேன். எப்போது சரியாகும்?

விரைவில், என்று வந்தது. உங்கள் பொறுமைக்கு நன்றி, என்றும் வந்தது.

என்னிடம் இல்லாத ஒன்றுக்கு நன்றி.

கைபேசியில் எண் இருந்த மூன்று பெரியவர்களைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் தங்களுக்கு எல்லாமே ஆகும் என்றார்கள். ஒருவர் ஊறுகாய் கேட்டார்.

அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது ஒன்றுதான் எனக்கே நினைவிருந்தது.

பதினொன்று இருபது.

இனி பெனிட்டாதான்.

இரண்டாவது சர்வர் அவள் யோசனை. ஒவ்வொரு பிள்ளையிடமும் போனில் கேட்டுக் கேட்டுப் பட்டியலை ஏற்றியவளும் அவள்தான். அதன் பிறகு மூலையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதனால் அவள் எதுவும் செய்யவில்லை என்று எனக்குத் தோன்றியது.

போன மாதம் அனுப்பிவிட்டேன். அதையும் நேராகச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும்மா, பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

பார்க்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

இன்று கூப்பிட்டேன். ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருந்தாள். என்ன நடந்தது என்று பாதிதான் சொன்னேன்.

"ரெண்டாவது சர்வர் என்னாச்சு சார்?"

இருமினேன்.

"மார்க்கர் இருக்கா?" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே போனாள். நான் மூடிகளில் எழுதினேன். அக்கா ஊற்றினார்.

"ரத்னாபாய் அம்மா. உப்பு கூடாது. சேவியர் சார், சர்க்கரை. பாயசம் கேப்பாரு, காது கேக்காத மாதிரி வந்துரச் சொல்லுங்க. உறையூர் மீனலோசனி டீச்சருக்கு நல்லாக் கொழைக்கணும்... ஒரு நிமிஷம் சார். தண்ணி நெறையக் குடிச்சிட்டு உக்காருங்கம்மா, கூப்பிடுவாங்க... ஆங், டீச்சருக்கு வெண்டைக்காய் வேணாம்."

எங்கள் அலுவலகத்தில் இவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"கைலாசம் சார். உப்பு பாதி. துவையல் மட்டும் ஆகும்பாரு, நம்பாதீங்க."

மார்க்கர் நின்றது.

"அவர் போயிட்டாரும்மா. போன செவ்வாய்க்கிழமை."

அந்தப் பக்கம் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஏழு. பிறகு எட்டு.

"துவையல் ஒரு நாளாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லம்மா. நீ வேணாம்னு எழுதியிருந்தியே."

"சரி." என்றாள். "அடுத்து பாலக்கரை அல்போன்சா அம்மா."

முப்பத்தெட்டுப் பேரைச் சொன்னாள். அதில் ஒருவர் பெயரை அடித்தோம். முப்பத்தேழு மூடிகளில் எழுத்து வந்துவிட்டது.

மிச்சம் நான்கு. அவள் போன பிறகு சேர்ந்தவர்கள்.

"அவங்கள எனக்குத் தெரியாது சார்," என்றாள். ஏதோ அவள் தப்பு போல.

நால்வருக்கும் உப்பில்லாத, இனிப்பில்லாத கஞ்சி ஊற்றச் சொன்னேன். உயிருக்கு ஆபத்தில்லை. என்னைத் திட்டுவார்கள். அதற்கு நான் நேரில் போவதாக அக்காவிடம் சொன்னேன்.

"போ, போ. ஒனக்கும் ஒரு கேரியர் கஞ்சி வச்சிருக்கேன்," என்றார் அக்கா.

பன்னிரண்டே காலுக்கு வண்டிகள் கிளம்பின. என் நான்கு கேரியர்கள் மட்டும் மேசையில் இருந்தன.

திரையில் மறுபடியும் வந்தது: விரைவில்.

அவள் இன்னும் லைனில் இருந்தாள்.

"தெனமும் சாயங்காலம் லிஸ்ட்ட ஒரு பிரின்ட் எடுத்து அடுப்படியில ஒட்டிருங்க சார். கரன்ட்டே போனாலும் அது போகாது."

சரி என்றேன். இரண்டாவது சர்வரை இன்றைக்கே திரும்ப எடுத்துவிடுகிறேன் என்றேன். வெயில் அதிகம் என்றேன். கேட்க வேண்டியதை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் காத்திருந்தாள். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.

"பெனிட்டா, திரும்ப வந்துடுறியாம்மா?"

"வரமாட்டேன் சார்."