முதுகு மட்டும் தெரியணும்

எதிர்வீட்டு இயக்குநருக்கு எலக்ட்ரானிக் இசைக்கு வீடியோ எடுப்பதுதான் தொழில். தொழில் என்பது அவர் சொல்வது. வீட்டை நடத்துவது என்னவோ மனைவியின் சம்பளம்தான். அவருடைய வீடியோக்களில் யாரும் சிரிக்கக் கூடாது. டியூப்லைட் விட்டு விட்டு எரிய வேண்டும். கடைசியில் ஒரு பெண் பெட்டியோடு ஆளில்லாத தெருவில் நடந்து போக வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான் எடுக்கிறார்களாம்.

நடந்து போக மனைவியைத்தான் ஒரு வாரமாகக் கெஞ்சினார். மறுத்துக்கொண்டே இருந்தவள், அன்று காலை தானாகவே பெட்டியோடு வந்து நின்றாள். கேமரா அவளுடைய தம்பி கையில்.

“ஏங்க, அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு பேசணும். மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்.”

“இந்த மாதிரி வீடியோவுல யாரும் வாயே திறக்க மாட்டாங்கம்மா. முதுகு மட்டும் தெரியணும். திரும்பிப் பார்த்தியோ, எல்லாம் கெட்டுது!”

“பார்க்க மாட்டேன்.”

நடந்தாள். ஒரு பக்கத் தோள் சாய்ந்தது. தெருமுனையில் திரும்பி மறைந்தாள்.

“அடடா! காலிப் பெட்டிக்கு என்னமா தள்ளாடுறா பாரு!” என்று துள்ளினார் இயக்குநர். “மச்சான், அக்காவைக் கூப்பிடு. இன்னொரு டேக் போயிடலாம்.”

தம்பி கேமராவை அணைத்தான்.

“அக்கா வர மாட்டா அத்தான். பெட்டியில அவ துணிமணி மொத்தமும் இருக்கு. முனையில டாக்ஸி ஏறியிருப்பா.”

இயக்குநர் பதறிப்போய்க் கேட்டார்:

“அவ போனது முழுசா ரெக்கார்ட் ஆயிருக்குல்ல?”