ஓடையிலிருந்து நேரலை

2043 நவம்பர் 12, காலை பத்தேகால், விடாத தூறல். ஆட்சியரின் மேசைமீது கல்லூரி மாணவி ரெஜினா வாசனையையும் கடத்தும் கைப்பேசியை வைத்தாள். தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் அவள் தெருவிலிருந்து நண்பர்கள் நாற்றத்தை நேரலையில் அனுப்பினார்கள்.

அவளுக்கு எதுவும் நாறவில்லை.

"அஸ்கரு, ஒண்ணுமே வரலடா! ஓடையிலதான நிக்கிறீங்க?"

"முட்டி வரைக்கும் நிக்கிறோம்க்கா. இங்கயும் ஒண்ணும் தெரியல."

அதற்குள் ஆட்சியர் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலுக்கு ஓடிக் குமட்டினார்.

"நிறுத்தும்மா!"

"எங்க தெருவுல எத அமுக்கி சார் நிறுத்தறது?"

நான்காண்டுகளாகக் கிடப்பில் இருந்த ஆலைமூடல் ஆணையில் கையெழுத்திட்டு, மூக்கை விடாமலே நீட்டினார். பிறந்ததுமுதல் தான் எதைச் சுவாசித்து வந்தாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் ரெஜினாவுக்கு விளங்கியது. நன்றி சொல்லாமல் ஆணையை வாங்கிக்கொண்டாள்.