ஒரு காகிதமாவது காட்டுங்க

"நாற்பத்தாறு வருஷம் இங்கிலாந்துல இருந்தேங்கறீங்க. அதுக்கு ஒரு அத்தாட்சிகூடவா இல்ல?"

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இந்தச் சுங்க அலுவலகத்துக்கு நான் வருவது மூன்றாவது முறை. கேள்வியும் மூன்றாவது முறை. இங்கிலாந்திலிருந்து மகள் கப்பலில் அனுப்பிய என் தச்சுக் கருவிகள் துறைமுகக் கிடங்கில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர்களுக்கு அரசு தரும் வரிச்சலுகை கிடைத்தால்தான் அவற்றை மீட்க முடியும். அவை வந்தால்தான் எனக்குப் பிழைப்பு.

"ஒன்பது வயசுல அம்மா பாஸ்போர்ட்டுல போனவன்மா நான். எனக்குன்னு எதுவும் எடுக்கல."

"சம்பளச் சீட்டு?"

"வேலை பார்த்த கம்பெனியையே மூடிட்டான்."

பின்னால் வரிசையில் நின்ற பூத்தொப்பிக்காரி சிரித்தாள். "அங்கேர்ந்து வர்றவங்க வீட்டையே கண்டெய்னர்ல ஏத்திட்டு வருவாங்க. இவருக்கு ஒத்தைப் பெட்டியாம். அதுவும் மக அனுப்பினதாம். நல்லாத்தான் கதை விடறாரு."

"வாயை மூடு. அங்க எத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கதவு செஞ்சு மாட்டினவன் தெரியுமா நான்?"

"கத்தாதீங்க மிஸ்டர் லாசெல்ஸ்," என்றாள் அதிகாரி. "அந்த ஊர் அரசாங்கம் உங்க பேருக்கு ஒரு கடிதம்கூடவா போடல?"

"போட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு."

பையிலிருந்து எடுத்து மேசையில் அறைந்தேன்.

"சத்தமாப் படி. அந்தத் தொப்பிக்காரிக்கும் கேக்கட்டும்."

அவள் சத்தமாகத்தான் தொடங்கினாள். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"தாங்கள் இந்த நாட்டில் வாழ்ந்ததற்கு எந்த அத்தாட்சியும் இல்லாததால், ஜமைக்காவுக்கு நாடு கடத்தப்படுகிறீர்கள்."