தும்மல் பூதமும் ஒரு புகார் மனுவும்

"இந்த ஆளை இன்னைக்குச் சும்மா விட்டா நாளைக்குத் தலையில ஏறி உட்கார்ந்துக்குவாரு. எல்லாரும் வந்து கையெழுத்துப் போடுங்க!"

ராஜகுமாரிக்குக் கோபமான கோபம். பின்னே, இருக்காதா?

குந்தா மின்நிலையத் தொழிலாளர் காலனியில் ஒரு சின்ன வாசகசாலை. அதைக் கட்டிக் காப்பவள் ராஜகுமாரி. சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. புத்தகப் பைத்தியம், அவ்வளவுதான். இருப்பதோ இருபத்திரண்டு உறுப்பினர்கள். காலனி சங்கச் செயலாளர் ராஜசேகர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள அறுபது பேரைச் சேர்த்துக் காட்டும்மா. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிட்டு கேரம் போர்டு போட்டுருவோம்."

அதற்காகத்தான் படம் போட ஏற்பாடு செய்தாள். 'தும்மல் பூதம்' அவள் உயிரையே வைத்திருக்கும் நாவல். பூதம் தும்மினால் எதிரில் எது இருந்தாலும் மாயமாகிவிடும். ராஜாவின் மீசை போச்சு, கோட்டைக் கதவு போச்சு, மந்திரியின் வேட்டியும் போச்சு! அதையெல்லாம் தேடிக் கிளம்பும் கூத்துதான் கதை. பத்துத் தடவை படித்தும் ராஜகுமாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அது சினிமாவாக வந்ததும் படக் கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, ஒரே ஒரு காட்சிக்கு அனுமதி வாங்கினாள். படம் பிடித்துப்போனால் புத்தகத்தைத் தேடி வருவார்கள் என்று நினைப்பு.

ஞாயிறு சாயங்காலம் காலனியே வாசகசாலையில் அடைந்து கிடந்தது. சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு!

மலை உச்சியில் இளவரசி. அவளுக்கு எதிரே பூதம். பூதத்துக்கு மூக்கு அரிக்கிறது. "ஹா... ஹா..." என்று வாயைத் திறக்கிறது.

பட்டென்று கரண்டு போய்விட்டது.

ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புகிற குந்தாவில் கரண்டு இல்லை! வெளியே தெருவிளக்கு மட்டும் ஜம்மென்று எரிகிறது.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த லைன்மேன் மாரிச்சாமி, "பியூஸ் கருகிப்போச்சுங்க" என்றார்.

"மாத்துங்கண்ணா! அஞ்சு நிமிஷ வேலைதானுங்க?"

"வேற கட்டை வேணும் அம்மிணி. ஸ்டோர் பூட்டிட்டாங்க. என் ட்யூட்டியும் முடிஞ்சுது. காலையில பார்க்கலாம்."

பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனுஷன் பாட்டுக்கு நடந்துவிட்டார். படத்தைக் கொண்டுவந்த கோயமுத்தூர்க்காரர் அரை மணி நேரம் பார்த்தார். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். செல்போனில் பார்க்கலாமென்றால் காலனியில் ஒரு புள்ளி டவர் கிடைத்தாலே அதிசயம்.

மறுநாள் காலையில்தான் இந்தப் புகார் மனு.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுச் சாந்தாமணி.

"போட்டுட்டேன் கண்ணு. அது கிடக்கட்டும், பூதம் தும்முச்சா இல்லியா?"

"புத்தகத்துல இருக்குக்கா."

"சொல்லித் தொலையேன். ராத்திரி பூராத் தூக்கமில்ல!"

"சொல்ல மாட்டேன்."

"அப்போ புத்தகத்தைக் கொடு."

"மெம்பருக்குத்தான் கொடுப்பேன்."

"என்னையும் சேர்த்துக்கோ, போ!"

கையெழுத்துப் போட வந்தவர்கள் ஒருத்தரும் மெம்பராகாமல் போகவில்லை. இருந்த ஆறு பிரதிக்கும் அடிபிடி. கேன்டீன் வீரையா சத்தமாக வாசிக்க, அங்கே டீ ஆறிப்போனது. படித்து முடித்தவர்கள் முடிவைச் சொல்லாமல் பிகு செய்துகொண்டார்கள்.

மாசக் கடைசியில் உறுப்பினர் பட்டியல் அறுபதைத் தாண்டி எழுபதைத் தொட்டது.

"கேரம் போர்டை வேற எங்கியாச்சும் போட்டுக்கலாம்" என்றார் ராஜசேகர். "அடுத்தது எனக்குத்தான் புத்தகம், ஆமா!"

ராஜகுமாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் மாரிச்சாமி மேல் கோபம் ஆறவில்லை. "மனுவைக் கொடுத்தாச்சா?" என்று ஆளாளுக்குத் துளைத்தார்கள் வேறு. எடுத்துக்கொண்டு நேராக இன்ஜினியர் தரணிதரனிடம் போனாள்.

அவர் மாரிச்சாமியைக் கூப்பிட்டார்.

"பியூஸ் எப்படிங்க கருகுச்சு?"

மாரிச்சாமி அன்றைக்குக் கழற்றிய கட்டையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் கருகின தடமே இல்லை.

"கருகலீங்க சார். நான்தான் பிடுங்கினேன்."

"என்னய்யா சொல்றீங்க?"

"இந்தப் படத்தைக் கோயமுத்தூர்ல மச்சான் ஊட்டுக்குப் போனப்பவே முழுசாப் பார்த்துட்டேனுங்க. திரும்பி வந்தப்ப அம்மிணி புத்தகத்தைக் கையில கொடுத்து, மெம்பராச் சேருங்கன்னுச்சு. அதான் கதை பூராத் தெரியுமேன்னு திருப்பிக் கொடுத்துட்டேன். புள்ளை மூஞ்சி வாடிப்போச்சுங்க."

மேஜைமேல் இருந்த கட்டையைத் தள்ளிவைத்துவிட்டு மேலும் சொன்னார்.

"அன்னைக்கு ரூம் நிறைய சனம் பார்த்தேன். படம் முழுசா ஓடிருச்சுன்னா இவங்களும் என்னை மாதிரியேதான் சொல்லுவாங்கன்னு தோணுச்சு. கட்டையைப் பிடுங்கிட்டேன்."

இத்தனை நாளாக இந்த மனுஷனை ராஜகுமாரி எத்தனை வசவு வைதிருக்கிறாள்!

"அதுக்காக? இத்தனை பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் வந்திருக்கு. நடவடிக்கை எடுக்காம விட முடியாதுங்க" என்றார் தரணிதரன்.

"எடுங்க சார். நான் பண்ணுனது தப்புத்தான்."

ராஜகுமாரி சட்டென்று மனுவை இன்ஜினியர் கையிலிருந்து வாங்கினாள். கையெழுத்துகளுக்கு மேலே இருந்த புகார் வரி நாலை மட்டும் சரக்கென்று கிழித்துக் கசக்கினாள்.

"இது புகார் இல்லீங்க சார். எங்க வாசகசாலை மெம்பர் லிஸ்ட்டு. இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி" என்று மாரிச்சாமியிடம் பேனாவை நீட்டினாள்.