சூடேறாத தரை

பனிக்காலத்தில் பொழுது விடிந்து மூன்று நாழிகை. ரோமானியத் தளபதியின் மாளிகைக்கு அடியில், தரையைச் சூடாக்கும் உலையில் சாம்பல் வெளுத்துக் கிடக்கிறது. அதை மூட்ட வேண்டிய அடிமைப்பெண் செனோவரா விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். தளபதிக்கு வழிவிட்டு ஒதுங்காத அவள் தம்பி, முற்றத்துத் தூணில் கட்டுண்டு வெறுங்காலோடு பனியில் நிற்கிறான். அவள் தலைக்கு மேலே, சில்லிட்ட தரையில் தளபதியின் காலடி ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது. காரியஸ்தன் எபாப்ரஸ் குனிந்து உள்ளே வருகிறான். “சாயங்காலம் ஆளுநரே விருந்துக்கு வர்றாரு. மூட்டுடி!” அவள் அசையவில்லை. “உன்னையும் உன் தம்பி பக்கத்துல கட்டிருவாங்க.” “கட்டட்டுமே. இந்த ஒல என் கைக்குத்தான் பத்தும்னு உங்களுக்கே தெரியும்.” சிக்கிமுக்கிக் கல்லை மடியில் முடிந்துகொள்கிறாள். “யார் காலு மொதல்ல சூடாகணும்னு எசமான்கிட்ட கேட்டுட்டு வாங்க.”