முன்மாதிரிக்கு இருபது மதிப்பெண்

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தேவாலயப் பின்னறையின் தரையில் நீளமாகப் போட்டிருக்கிறது. வட்டமாக உட்கார்ந்திருக்கும் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு, தன் செய்முறைத் தேர்வுக்காக ஓர் இறையியல் மாணவி பாடம் நடத்துகிறாள். மூலையில் அவளுக்கு மதிப்பெண் போட வந்த பேராசிரியர் இருக்கிறார். அவர் மடியிலுள்ள தாளில் ‘முன்மாதிரி’ என்ற கட்டத்துக்கு மட்டும் இருபது மதிப்பெண். “ஜெபம் பண்ண உக்காந்தாலே தூக்கம் வருதுக்கா,” என்கிறாள் ரெட்டை ஜடைக்காரி. மின்விசிறி கடகடக்கிறது. மாணவி மூலையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடுகிறாள். “எனக்கும்தான் வருது. நேத்து முழங்கால் போட்டபடியே தூங்கிட்டேன்.” சிரிப்பு வெடிக்கிறது. மூணு வாரமாக வாயே திறக்காத நெட்டையன், “அப்ப நான் மட்டும் இல்லையா?” என்று நாற்காலியை முன்னால் இழுக்கிறான். பேராசிரியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுகிறார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்கு வருகிறார். “கொஞ்சம் தள்ளி உக்காருப்பா. எனக்கு முப்பது வருஷமா இதே கதைதான்.”